ராகிக் களியும் மொய் விதியும்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நல்லம்பள்ளிக்குத் தெற்கே உள்ள போர்க்கைதிகள் முகாமின் சமையலறைக்கு இப்போது அவள்தான் மேற்பார்வையாளர். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"அம்மா, நம்ம அடுப்பையெல்லாம் இடிக்கப் போறாங்க. இனிமே அடுத்த சண்டைக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட் சாப்பாடுதானாம். சுடுதண்ணியில போட்டா போதுமாம்" என்றாள்.

"நல்லதாப் போச்சு, உனக்கு வேலை மிச்சம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களிடம் களி விவகாரத்தைச் சொன்னாளாம். ஒருத்தியும் நம்பவில்லையாம். "நீங்களே எழுதிக் குடுத்துடுங்கம்மா. நான் சொன்னா ரீல் விடறேங்கறாளுங்க" என்று கெஞ்சினாள். சமையல்காரியை எழுதச் சொன்னால் உப்பும் காரமும் கூடக் குறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் வயதைக் கேட்டால் வருடம் சொல்ல மாட்டார்கள், சண்டை சொல்வார்கள். பெரிய நாடுகள் எல்லாம் இருபது வருடத்துக்கு ஒருமுறை உலகத்தையே இழுத்துப் போட்டு அடித்துக்கொள்வதும், பிறகு கையைக் குலுக்கிக்கொண்டு அடுத்ததற்குத் துப்பாக்கி செய்ய ஆரம்பிப்பதும் மழை பெய்வதைவிட ஒழுங்காக நடந்து வந்திருக்கிறது. எங்கள் ஊரில் மழையை நம்ப முடியாது. என் அப்பா இரண்டாம் சண்டையில் பிறந்து மூன்றாம் சண்டைக்கு ரயில் ஏறியவர். நான் மூன்றாம் சண்டை முடிந்த வருடத்துப் பிள்ளை. நாலாம் சண்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே நான் சொல்லப் போவது ஐந்தாம் சண்டையில் நடந்தது.

செய்தித்தாளில் அந்த நாடுகளுக்கு நீளநீளமான கூட்டணிப் பெயர்கள் இருக்கும். எங்களுக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. ஒன்று கடல்கட்சி, இன்னொன்று பனிக்கட்சி. நாலாம் சண்டையில் நம் நாடு பனிக்கட்சியோடு இருந்தது, முகாமுக்குக் கடல்கட்சி ஆட்கள் கைதிகளாக வந்தார்கள். ஐந்தாம் சண்டையில் நாம் கடல்கட்சிக்கு மாறிவிட்டோம், பனிக்கட்சிக்காரர்கள் கைதிகளாக வந்தார்கள். போன சண்டையில் இங்கே அடைபட்டிருந்தவர்களின் மகன்கள் இந்தச் சண்டையில் நட்பு நாட்டு அதிகாரிகளாக வந்து, அப்பா படுத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். உலகம் இரண்டுபட்டால் நல்லம்பள்ளிக்கு வேலைவாய்ப்பு.

நான் சேர்ந்தது காய் நறுக்க. அப்புறம் சேலத்தில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் சமைத்தால் உப்பை எப்படிப் போடுவது, கொப்பரையை எப்படி இறக்குவது, அரிசியில் புழு இருந்தால் யாரிடம் சொல்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு விடை, யாரிடமும் சொல்லாதே என்பது. அது பாடத்தில் இல்லை, கூடப் படித்தவர்கள் சொன்னது. சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் முகாம் காலியாகக் கிடக்கும்போது அரசு விடுதிகளில் சமைத்தோம். ஐந்தாம் சண்டை வந்தபோது நான் சமையலறைக்கு மேற்பார்வையாளர்.

அந்தச் சண்டையில் அரிசியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. எங்கள் மாவட்டத்தில் எது விளைகிறதோ அதைப் போட்டுச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் விளைவது ராகி. ஆகவே கைதிகளுக்கு மத்தியானம் களி.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் எங்கே போனாலும் 'அவன் களி திங்கப் போறான்' என்றால் ஜெயிலுக்குப் போகிறான் என்று அர்த்தம். எங்கள் மாவட்டத்தில் மட்டும்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம். எல்லா வம்பும் இதில்தான் வந்தது.

களி கிண்டுவது சாமானிய வேலை இல்லை. கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும்போது அரிசி நொய்யைப் போட்டு வேகவிட வேண்டும். நொய் வெந்து குழைந்ததும் ராகி மாவை நடுவில் மலையாகக் கொட்டி, துடுப்பின் காம்பால் மாவின் நடுவே ஒரு குழி செய்ய வேண்டும். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வந்து மாவை வேக வைக்கும். அவசரப்பட்டு முன்னாலேயே கிண்டினால் கட்டி விழும். தாமதித்தால் அடி பிடிக்கும். அப்புறம் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று துடுப்பைப் போட்டு வலிக்க வேண்டும். ஒருத்தி பேச்சு கொடுத்தால்கூட இன்னொருத்திக்குக் கை தவறும். எங்கள் சமையலறையில் களி கிண்டும்போது மட்டும்தான் ஊர்வம்பு நிற்கும்.

பனிக்கட்சிக்காரர்கள் முதல் நாள் களியை மென்றார்கள். களியை மெல்லக் கூடாது. குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு போகாது. அன்று மத்தியானம் முழுவதும் அறுநூறு பேர் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு அலைந்தார்கள். சிரிக்கக் கூடாது என்று நான் என் பெண்களை மிரட்டி வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் பழகிக்கொண்டார்கள். மிஞ்சிய களியைத் துண்டுபோட்டு எண்ணெயில் வறுத்து உப்புத் தூவித் தின்ன அவர்களே கண்டுபிடித்தார்கள். அதை நாங்களும் கற்றுக்கொண்டோம்.

முகாமுக்கு அப்போது கமாண்டர் சாரங்கபாணி ஐயா. கும்பகோணம் பக்கத்துக்காரர். கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. துப்புரவுப் பணிப்பெண்ணைக்கூட 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். எந்தத் தலைபோகிற காரியத்தைக் கொண்டுபோனாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, பார்த்துடலாம்" என்பார். பார்த்தும் விடுவார். கைதிகளுக்குப் போகும் சாப்பாட்டை முதலில் கமாண்டர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. சாம்பாரை ஒரு கரண்டி, பொரியலை ஒரு விள்ளல் என்று ஒழுங்காகப் பார்ப்பார். களியை மட்டும் கண்ணால் ருசி பார்ப்பார்.

"நல்லா இருக்கும்மா" என்பார்.

"வாயில போடவே இல்லீங்களே ஐயா."

"பார்த்தாலே தெரியறது."

அரிசிச்சோற்று ஊர்க்காரர், பாவம். நான் வற்புறுத்தியதில்லை.

இப்போது மொய் விதிக்கு வருகிறேன். கைதிகளின் சாப்பாடு பற்றி இரண்டு கட்சிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. நாம் அவர்களுடைய ஆட்களுக்கு எந்தத் தரத்தில் போடுகிறோமோ, அதே தரத்தில்தான் அவர்கள் நம் ஆட்களுக்குப் போடுவார்கள். இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க, சண்டையில் சேராத ஒரு சின்ன நாட்டிலிருந்து பார்வையாளர்கள் வருவார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு என்னவோ பெரிய பெயர். எங்கள் சமையலறையில் அதற்கு மொய் விதி என்று பெயர் வைத்திருந்தோம். கல்யாணத்தில் நாம் வைத்த மொய்தானே நமக்குத் திரும்பி வரும்?

இந்த மொய் எனக்கு வெறும் விதி இல்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்து லாரி ஓட்டப் போய், பனிக்கட்சியிடம் பிடிபட்டு, எங்கேயோ பனி கொட்டுகிற காட்டு முகாமில் இருந்தார். 'உயிரோடு இருக்கிறேன்' என்று அச்சடித்த ஓர் அட்டை மட்டும் ஒருமுறை வந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்து. அதனால் ஒவ்வொரு நாளும் கொப்பரைக்கு முன்னால் நிற்கும்போது, இந்த அறுநூறு தட்டில் ஒரு தட்டு அவருடையது என்று நினைத்துக்கொள்வேன். பருப்பு குறைந்தால் ஸ்டோர்க்காரரோடு சண்டை போடுவேன். "உங்க வூட்டுக்காரருக்கா போடறீங்க?" என்று அவர் கிண்டல் செய்வார். "ஆமா, அவருக்குத்தான்" என்பேன்.

கார்த்திகை மாதம் பார்வையாளர் வந்தார். ஒல்லியாக, நெட்டையாக, வெயிலில் சிவந்து போன மனிதர். கூடவே சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளராகக் கிஷோர் என்று ஒரு தம்பி. நல்ல பையன், சிரித்த முகம். பார்வையாளர் பணியாளர்களோடு நேராகப் பேச வேண்டும், அவராகக் கேட்டாலொழிய கமாண்டர் குறுக்கே வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சாரங்கபாணி ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பார்வையாளர் தட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"களிங்க" என்றேன்.

கிஷோர் தம்பி குபுக்கென்று சிரித்துவிட்டார். பார்வையாளர் அவரைத் திரும்பிப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். தம்பி என்னவோ சொன்னார். அதில் 'ஜெயில்' என்ற சொல் என் காதிலும் விழுந்தது. பார்வையாளரின் முகம் இறுகிவிட்டது.

"என்னா தம்பி சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. களின்னா என்னன்னாரு. ஜெயில்ல போடுவாங்க, தப்புப் பண்ணா களி திங்க வெப்பேன்னு எங்க வீட்ல கூட மிரட்டுவாங்கன்னு சொன்னேன். அதான உண்மை?"

சென்னையில் அது உண்மைதான். அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கைதிகளுக்குத் தண்டனைச் சாப்பாடு போடக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் வரி. பார்வையாளர் கைதிகளிடம் போய்க் கேட்டார். ருசி ஒன்றும் இல்லை, ஆனால் வயிறு நிறைகிறது, வறுத்தால் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். ருசி பற்றி எனக்குக் கவலை இல்லை, இது தண்டனையா இல்லையா என்பதுதான் கேள்வி என்றார் அவர். அப்புறம் கமாண்டர் பக்கம் திரும்பி, நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

சாரங்கபாணி ஐயா பொய் சொல்லத் தெரியாதவர். ஆனாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, பார்த்துடலாம்" என்று ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். உருண்டையிலிருந்து பெரிதாக ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். போட்டு மென்றார். நான் கண்ணால் சாடை காட்டுகிறேன், தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறேன், மனிதர் என் பக்கமே பார்க்கவில்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மீசை ஆடியது. கடைசியில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். தூக்குத்தண்டனைக் கைதிகூட அப்படி ஒரு முகத்தோடு சாப்பிட்டிருக்க மாட்டான். பார்வையாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

இவர் தண்டனைச் சாப்பாடு என்று எழுதிவிட்டால் அங்கே மொய் திரும்பும். காய்ந்த ரொட்டியும் தண்ணீரும்தான் நம் ஆட்களுக்கு என்று ஆகிவிடும். அங்கே அப்போது பனி இறங்கிக்கொண்டிருக்கும் காலம். நான் ஓவென்று அழுதுவிட்டேன். "ஐயா, எங்கூட்டுக்காரரு அங்க இருக்கறாருங்க. நாங்க திங்கறதுதானுங்க இது, எங்க ஊரே திங்கறதுங்க" என்றேன். கிஷோர் தம்பிக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

பார்வையாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கமாண்டரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டார். சாரங்கபாணி ஐயா ஒரே ஒரு யோசனை சொன்னார். "மணி பன்னிரண்டுதான் ஆறது. முன்கூட்டி யாருக்கும் சொல்ல வேண்டாம். நீங்களே ஏதாவது ஒரு ஊரைக் காட்டுங்கோ, நீங்களே வீட்டைக் காட்டுங்கோ. உள்ளே போய்ப் பானையைப் பார்த்துடலாம்." பார்வையாளர் ஒப்புக்கொண்டார். ஜீப்பில் அவர், கிஷோர் தம்பி, கமாண்டர், நான். எனக்குப் போன உயிர் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் ஊர்களில் களி இல்லாத வீடு ஏது?

முதல் ஊரில் ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினார். வாசலில் ஜீப் நின்றதும் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க வாங்க, உக்காருங்க" என்று பாய் போட்டார். களிச்சட்டியைக் காணோம். கொல்லைப்புறம் மட்டும் களி வாசனை வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அடுப்பில் அரிசி கொதித்தது. பண்டிகைக்கு வைத்திருந்த பச்சரிசியாக இருக்கும். சோறு, பருப்பு, அப்பளம், தயிர். சாப்பிடாமல் எழுந்திருக்க விடவில்லை.

"இங்கே தினமும் இதுதானா?" என்று பார்வையாளர் கேட்டார்.

"ஆமாங்க, தெனமும் இதேதானுங்க" என்றார் அந்தப் புண்ணியவதி, அப்பளத்தை உடைத்து வைத்தபடி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது ஊர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவர்கள் களியை 'முத்தே' என்பார்கள். எந்தப் பெயரில் இருந்தால் என்ன, இருந்தால் போதும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு படி அரிசி கடன் வாங்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். மறுபடி சோறு, மறுபடி அப்பளம், கூடவே பாயசம். பார்வையாளர் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். கிஷோர் தம்பி, "அம்மா, இங்க யாருமே களி சாப்பிடற மாதிரி தெரியலையே" என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சாரங்கபாணி ஐயா மட்டும், கேட்டால்தானே பேசலாம், வாயைத் திறக்காமல் தயிர்ச்சோற்றை ரசித்துச் சாப்பிட்டார்.

மூன்றாவது வீட்டில் வாசலிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. நேரே சமையலறைக்குள் நுழைந்தேன். அங்கே ஓர் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, களிச்சட்டிய எங்க ஒளிச்சு வெச்சீங்க?"

"ஒளிக்கவா? நல்லா கேட்டீங்க போங்க. வெள்ளைக்காரரு வூட்டுக்கு வந்திருக்கறாரு, அவருக்குப் போயி களியப் போட்டா ஊரு சிரிக்காதா? மருவாதி தெரியாத குடும்பம்னு பேசிக்க மாட்டாங்களா?"

"அக்கா, உங்க மருவாதியில எங்கூட்டுக்காரரு பட்டினி கெடந்து சாகப் போறாருக்கா!"

நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவர் கையிலிருந்த அரிசி தண்ணீரோடு கீழே சிந்தியது. "அடி ஆத்தா! நேத்தே சொல்லியிருந்தா பெரிய சட்டியில கிண்டி வெச்சிருப்பனே. இப்ப வூட்டுல ஒரு உருண்ட இல்ல. அத்தனையும் அறுப்பு ஆளுங்களுக்குக் காட்டுக்கு எடுத்துட்டுப் போயாச்சு. எங்கூட்டுக்காரரும் அங்கதான் இருக்கறாரு. காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஓடுங்க!"

நான் ஓடிவந்து, "ஐயாவக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்!" என்றேன். எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். கிஷோர் தம்பி சென்னைக்காரர். இந்தம்மா உங்களை வனத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் என்று மொழிபெயர்த்துவிட்டார். பார்வையாளர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதற்கு, அங்கே மிருகங்கள் உண்டா என்று கேட்டார். தம்பி என்னைக் கேட்டார். "ரெண்டு எருமை இருக்கும்" என்றேன். பார்வையாளர் கமாண்டரைப் பார்த்தார். அது கேள்வி என்று சாரங்கபாணி ஐயா எடுத்துக்கொண்டார் போலும். "பயமில்லை, வாங்கோ" என்று முதல் ஆளாக ஜீப்பில் ஏறினார்.

ராகி அறுத்துக்கொண்டிருந்தவர்கள் புளியமரத்தடியில் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர். அந்த அக்காவின் வீட்டுக்காரர்தான் காட்டுக்காரர். அவரும் அதே வரிசையில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் களியும் களியின் குழியில் அவரைக்கொட்டைக் குழம்புமாக இருந்தார். வெட்டவெளி. ஒளிக்கக் கதவு இல்லை, கடன் வாங்க அரிசி இல்லை. எனக்கு அவர்களையெல்லாம் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பார்வையாளர் கேட்டார், "கூலிக்காரர்களுக்கு மலிவு என்பதால் இதைப் போடுகிறீர்களா?"

தம்பி அதைத் தமிழில் சொன்னதும் காட்டுக்காரர் சிரித்தார். "அப்பிடின்னா எனக்கு எதுக்குங்க போடறாங்க? சோத்தத் தின்னுட்டு கதிர் அறுத்தா நாலு மணிக்கே கண்ணு இருட்டும். களிதான் பொழுது சாயற வரைக்கும் தாங்குமுங்க."

"அப்படியானால் மூன்று வீட்டிலும் ஏன் எனக்கு இதைக் கொடுக்கவில்லை?"

"நீங்க விருந்தாளிங்க. விருந்தாளிக்குச் சோறு, வேல செஞ்சவனுக்குக் களி. உங்களுக்குக் களி வேணும்னா மொதல்ல ரெண்டு கதிர் அறுக்கணும்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் பார்வையாளர் கோட்டைக் கழற்றிக் கிஷோர் தம்பியிடம் கொடுத்துவிட்டு அரிவாளை வாங்கிக்கொண்டார். கொக்கு வயலில் இறங்கியது போல ராகிக்குள் இறங்கினார். அறுத்தது ஒரு பிடிதான், அதிலும் பாதி தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்து காட்டுக்காரர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். ஒரு பெண் களியை உருட்டிக் கையில் வைத்து, "மெல்லாதீங்க, முழுங்கணும்" என்றாள். தம்பி அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். இரண்டு வீட்டுச் சோறும் பாயசமும் வயிற்றில் இருக்க, அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு முழு உருண்டையை விழுங்கினார். குழம்பை நக்கவும் செய்தார்.

அறிக்கை என்ன ஆயிற்று என்று தெரிய மார்கழி பிறந்துவிட்டது. ஒருநாள் சாரங்கபாணி ஐயா சமையலறைக்கே வந்தார். "ஜெயிச்சுட்டோம்மா. இது தண்டனை இல்லை, இந்த நாட்டு உழைக்கிற ஜனங்கள் விரும்பிச் சாப்பிடற, மரியாதையான ஆகாரம்னு எழுதிட்டார். ரெண்டு கட்சியும் ஏத்துண்டாச்சு" என்றார். பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். "இன்னிக்கு ஒரு உருண்டை சாப்பிடறீங்களாய்யா?" என்று கேட்டேன். "அது மட்டும் வேண்டாம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சண்டை அதற்கு அடுத்த ஆடியில் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. இரண்டு கட்சியும் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். தருமபுரி ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் இறங்கியபோது தலை பாதி நரைத்திருந்தது, மற்றபடி ஆள் தெம்பாகத்தான் இருந்தார். வீட்டில் கறிக்குழம்பும் நெல்லுச்சோறும் செய்து வைத்திருந்தேன். இலையைப் பார்த்ததும், "நல்ல வேளை, சோறு ஆக்கியிருக்கற" என்று பெருமூச்சு விட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து முறைத்தார்.

"அங்க போனதுல இருந்து நல்லா ரொட்டியும் உருளக்கெழங்கும் கறிச்சாறும் போட்டுட்டு இருந்தானுங்க. தை மாசம் திடீர்னு தட்டுல கறுப்பா, கட்டிகட்டியா ஒண்ணு வந்து விழுவுது. என்னடான்னு கேட்டா, களியாம். இந்தியாக்காரங்களுக்கு இதுதான் உசுராம். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தருமபுரிக்கு வந்து பாத்துட்டு எழுதிட்டானாம். தருமபுரிங்கற பேரக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீதானே?"

"நாந்தானுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பஞ்சாபிக்காரனுக்குக் களி, வங்காளிக்குக் களி, திருநவேலிக்காரனுக்குக் களி. எம் பொண்டாட்டி வேலைன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அத்தன பேரும் சேந்து என் தோல உரிச்சிருப்பானுங்க. நான் வாயே தொறக்கல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஊர் ஊராக அலைந்து, கறிச்சாறு தின்றுகொண்டிருந்தவர் வாயில் கட்டிக் களியைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அவனுங்களுக்குக் கிண்டத் தெரியல. பச்சத் தண்ணியில மாவக் கரைக்கறான். பாத்துட்டு இருக்க முடியல, எந்திரிச்சுப் போயி துடுப்பப் புடுங்கினேன். நீ கிண்டறத எத்தன வருசம் பாத்திருக்கறேன்? அன்னையில இருந்து நாந்தான் அங்க களிக்காரன். மத்தவங்க எல்லாம் பனியில மரம் வெட்டப் போனாங்க. மரம் வெட்டினவங்களுக்குக் கால் வெரலு கறுத்துக் கறுத்து விழுந்துபோச்சு. என் பக்கத்துல படுத்திருந்தவனுக்கு ஒரு கால்ல ரெண்டுதான் மிச்சம். நான் குளிர் முடியற வரைக்கும் அடுப்படியில இருந்தேன்."

சொல்லிவிட்டு இரண்டு காலையும் என் முன்னால் நீட்டினார். "எண்ணிப் பாரு."

நான் குனிந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினேன். பத்தும் இருந்தன. கண்ணீர் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. எண்ணி முடித்த பிறகும் எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

"என்ன, ஒண்ணு ரெண்டு கூட இருக்குதா?" என்றார்.